விடிய எழும்பின கையோட ஓடாதீங்க: பிரஷர், நெஞ்சு வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு

விடிய எழும்பினதும் என்னத்தக் குடிச்சா இதயத்துக்கு நல்லம் எண்டுதான் எல்லாரும் கேக்குறாங்க. உள்ளி போட்ட சுடுதண்ணியா, வெந்தயத் தண்ணியா, தேசிக்காய்த் தண்ணியா எண்டு வட்ஸ்அப்ல நாளுக்கொண்டு வருது. என்னைக் கேட்டா குடிக்கிறதுல பெரிசா ஒண்டுமில்ல, நம்மட ஆக்கள் விடியச்சாமத்துல படுற அவதி இருக்குதானே, அதக் குறைச்சாலே பாதி வேலை முடிஞ்சிரும். பாங்குச் சத்தம் கேட்டதும் துள்ளி எழும்புற, முதல் பஸ்ஸப் புடிக்க ஓடுற, கிளினிக்ல நம்பர் எடுக்க வெறும் வயித்தோட வெளிக்கிடுற, வயலுக்குப் போய் தண்ணி மோட்டரத் தூக்கி இறக்குற, எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளதான்.

அந்த நேரத்துல உடம்புக்குள்ள என்ன நடக்குதெண்டா, நித்திரைல இறங்கிக் கிடந்த பிரஷர் விடியப்புறமா ஏறத் தொடங்குது, கோர்டிசோல், அட்ரினலின் எண்ட ஹோர்மோன் ரெண்டும் கூடுது, ரத்தக்குழாய் சுருங்குது, ரத்தத்தக் கட்டியாக்குற பிளேட்லெட் ஒண்டோடொண்டு ஒட்டிக்கிற தன்மையும் அப்பதான் கூட. ராத்திரி முழுக்க தண்ணி குடிக்காததால உடம்பும் கொஞ்சம் வறண்டுதான் கிடக்கும். ஹார்ட் அட்டாக் விடிய 6 மணிக்கும் பகல் 12 மணிக்கும் இடையிலதான் கூட வருது எண்டு 1985லயே அமெரிக்காவுல பெரிய ஆய்வு வந்திட்டு, அதுல உச்சம் காலம 9 மணியளவுல. ஸ்ட்ரோக்கும் காலமதான் கூட. இதக் கேட்டுப் பயந்து பாயிலயே கிடக்கச் சொல்லல்ல, அந்த ஏத்தத்துக்கு மேல நாமளும் போய் இன்னும் ஏத்த வேணாம் எண்டுதான் சொல்லுறன்.

முதல்ல எழும்புற விஷயம். கண் முழிச்சதும் உடன எழும்பி நிக்காதீங்க. படுத்தபடியே ரெண்டு பாதத்தையும் மேலயும் கீழயும் ஒரு இருவது தரம் ஆட்டுங்க, கெண்டைக்கால் சதை இறுகி இளகுற அந்த அசைவுலதான் கால்ல தேங்கின ரத்தம் மேல ஏறும். பொறகு ஒரு பக்கமாத் திரும்பி, கையை ஊண்டி எழும்பி, கட்டில் ஓரத்துல காலத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் இருங்க. பாயில படுக்கிற ஆக்கள் சுவரோட சாஞ்சு இருந்திட்டு எழும்பலாம். எழும்பி நிண்டதும் எதையாவது புடிச்சிட்டு நில்லுங்க, தலை சுத்தினா, கண் இருட்டினா திரும்ப இருந்திருங்க, சமாளிச்சு நடக்கப் போறதுதான் விழுறதுக்கு வழி. நிண்டு 3 நிமிஷத்துக்குள்ள மேல் பிரஷர் 20 இறங்கினாலோ கீழ் பிரஷர் 10 இறங்கினாலோ அது ஒரு வருத்தம், வயசு போனா இப்பிடித்தான் எண்டு விடுற விஷயமில்ல. பிரஷருக்கு பிரசோசின் குளிசை எடுக்கிற ஆக்கள், புரொஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுக்கிற ஆம்பிளைகள், சலம் போற குளிசை எடுக்கிற ஆக்கள், சீனி வருத்தம் கனகாலமா உள்ளவங்க, இவங்களுக்கு இது கூட வரும். அடிக்கடி வந்தா கிளினிக்ல சொல்லுங்க, டோஸ மாத்துறது அவங்கட வேலை.

அலார்ம் பத்தி ஒரு சின்ன விஷயம். வெடி வெடிக்கிற மாதிரி டோன் வச்சி 5 நிமிஷத்துக்கொருக்கா அடிக்க விடுற ஆக்கள் இருக்காங்க, பக்கத்துல படுக்கிற பிரஷர்காரரும் சேர்ந்துதான் துள்ளி எழும்புறாங்க. கால் மணித்தியாலம் முந்தி மெல்லின சத்தத்துல வைங்க, அவ்வளவுதான்.

கக்கூஸ்ல முக்குறது ஆரும் கதைக்காத விஷயம், ஆனா முக்கியம். மூச்ச அடக்கி முக்கினா பிரஷர் ஒரேயடியா ஏறி, பொறகு பொத்தெண்டு இறங்கும், இதயம் பலவீனமான ஆளுக்கு அது கூடாது. மலச்சிக்கல் இருந்தா அதுக்கு வைத்தியம் பாருங்க, ராத்திரில கீரை, பப்பாசி, வாழைப்பழம் சேருங்க, சில பிரஷர் குளிசையும் இரும்புக் குளிசையும் இறுக்கும், அதையும் டொக்டர்ட்ட கேளுங்க. குந்தி இருக்கிற கக்கூஸ் எண்டா எழும்பேக்க சுவரப் புடிச்சி ஆறுதலா எழும்புங்க, அதுக்கெண்டு ஒரு கைபிடி அடிச்சி வச்சா இன்னும் நல்லம். உள்ளுக்க இருந்து கொண்டி போடாதீங்க, விழுந்தா கதவ உடைக்க வேண்டி வரும்.

இனி பிரஷர் பாக்குற. வீட்ல மெஷின் வச்சிருக்கிற ஆக்கள் இப்ப கூட, ஆனா பாக்குற விதம் அனேகமாப் பிழை. மணிக்கட்டுல கட்டுறத விட மேற்கையில கட்டுற மெஷின்தான் நம்பலாம், பருத்த கைக்கு பெரிய பட்டி வேணும், சின்னப் பட்டிய இறுக்கிக் கட்டினா இல்லாத பிரஷரக் கூட்டிக் காட்டும். ஒண்டுக்குப் போயிட்டு வந்து, தேத்தண்ணி குடிக்க முந்தி, குளிசை போட முந்தி பாருங்க. முதுகு சாயுற கதிரையில இருந்து, பாதம் ரெண்டும் நிலத்துல பட, கால் மேல கால் போடாம, கைய மேசையில நெஞ்சு மட்டத்துக்கு வச்சி, 5 நிமிஷம் சும்மா இருங்க. சும்மா எண்டா சும்மாதான், ஃபோனும் வேணாம் கதையும் வேணாம். எங்கட வீட்ல அம்மா மெஷின் காத்து அடிச்சிட்டு இருக்கேக்கயே குசினியில இருக்கிற ஆளுக்கு "சொதிய இறக்கு புள்ள, திரைஞ்சிரும்" எண்டு கத்துவா, கத்தினா நம்பர் 10க்கு மேல ஏறி நிக்கும், பொறகு மெஷின் பிழை எண்டு சொல்லுவா. ஒரு நிமிஷம் விட்டு திரும்ப ஒருக்கா பாத்து ரெண்டையும் கொப்பியில எழுதுங்க. வீட்ல பாக்கேக்க சராசரி 135க்கு 85க்கு மேல போனா அது கூடின பிரஷர். ஒரு நாள் கூடினதுக்காக குளிசையக் கூட்டவும் வேணாம், ஒரு நாள் நல்லா இருந்ததுக்காக நிப்பாட்டவும் வேணாம். கிளினிக்குக்கு முந்தின ஒரு கிழமை காலமயும் பின்னேரமும் எழுதிக் கொண்டு போனா டொக்டருக்கு அதுதான் பெரிய உதவி. 180க்கு 120 தாண்டி, அதோட நெஞ்சு நோ, மூச்சு வாங்குற, பேச்சுக் குழறுற, கண் மங்குற எண்டு ஏதும் இருந்தா எழுதிட்டு இருக்காம ஆஸ்பத்திரி.

இதயம் பலவீனம், கால் வீங்குது, மூச்சு வாங்குது எண்டு மருந்தெடுக்கிற ஆக்கள் பிரஷரோட நிறையும் பாக்கணும். ஒண்டுக்குப் போயிட்டு வந்து, சாப்பிட முந்தி, ஒரே மாதிரி உடுப்போட. 3 நாளைக்குள்ள 2 கிலோ கூடினா அது சதை போட்டதில்ல, தண்ணி கட்டுது, கிளினிக் திகதி வரும்வரைக்கும் பாத்திட்டு இருக்க வேணாம்.

குளிசைக்கு வருவம், இதுலதான் நம்மட மட்டக்களப்புப் பக்கம் கூடச் சிக்கல். கிளினிக் நாளண்டு ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்தோட வா எண்டு சொன்னா, நம்மட ஆக்கள் பிரஷர் குளிசையையும் சேத்து விட்டுட்டுப் போறாங்க. விடிய 4 மணிக்கு எழும்பி, அவதியாக் குளிச்சி, வாழைச்சேனையில இருந்தோ வாகரையில இருந்தோ பஸ்ல தொங்கி வந்து, நம்பருக்கு நிண்டு, பசி, நித்திரையில்ல, குளிசையும் இல்ல. 9 மணிக்கு மிஸ் பிரஷர் பாக்குறா, 170. டொக்டர் என்ன செய்வார், பாவம், அவருக்கு முன்னால நூறு பேர், கொப்பியப் பாத்து ஒரு குளிசையக் கூட்டிருவார். வீட்டுக்கு வந்து கூட்டின குளிசையையும் ஒழுங்கா எடுத்தா பிரஷர் இறங்கித் தலை சுத்து, பொறகு "அந்தக் குளிசை எனக்கு ஒத்து வரல்ல" எண்டு எல்லாத்தையும் விடுற. இதக் கனபேர்ட்ட பாத்திட்டன். வெறும் வயிறு எண்டா சாப்பாடும் தேத்தண்ணியும்தான் இல்ல, பச்சத்தண்ணி குடிக்கலாம், அனேகமான பிரஷர் குளிசைய ஒரு வாய்த் தண்ணியோட வழமையான நேரத்துக்கு எடுக்கலாம். சீனிக் குளிசையும் இன்சுலினும்தான் வெறும் வயித்தோட எடுக்கக் கூடாது, ரத்தம் குடுத்து சாப்பிடேக்கதான் எடுக்கணும், வெறும் வயித்தோட எடுத்தா சீனி இறங்கி வரிசையிலயே விழுந்திருவீங்க. முந்தின கிளினிக்லயே "இந்தக் குளிசையில எத எடுத்திட்டு வாற, எத வச்சிட்டு வாற" எண்டு கேட்டு கொப்பியிலயே எழுதிக்குங்க. ஒரு பாண் துண்டோ ரெண்டு பிஸ்கட்டோ பையில இருக்கட்டும், ரத்தம் எடுத்ததும் சாப்பிட.

குளிசைய காலம எடுக்கிறதா ராத்திரி எடுக்கிறதா எண்டும் ஒரு சண்டை ஓடுது. பிரிட்டன்ல 21,000 பேருக்கு மேல வச்சி அஞ்சு வருஷத்துக்கு மேல பாத்த ஆய்வு 2022ல வந்தது, பிரஷர் குளிசைய காலம எடுத்தாலும் ராத்திரி எடுத்தாலும் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்ல வித்தியாசமில்ல எண்டுதான் முடிவு. உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம். சலம் போற ஃபுரோஸ்மைட் மட்டும் ராத்திரில எடுத்தா நித்திரை போயிரும், அதக் காலம வைங்க. அட்டெனலோல், பைசோபிரலோல் மாதிரி இதயத்துடிப்பக் குறைக்கிற குளிசைய திடீரெண்டு நிப்பாட்டினா நெஞ்சு நோ திரும்ப வரும், முடிஞ்சிட்டு எண்டா அடுத்த கிளினிக் வரைக்கும் இருக்காம பாமசில கொப்பியக் காட்டி வாங்குங்க.

எழும்பினதும் ஒரு கிளாஸ் பச்சத்தண்ணியோ இளஞ்சூட்டுத் தண்ணியோ குடிக்கலாம், நல்லதுதான், அதுல கொலஸ்ட்ரோல் கரையுதெண்டு நினைக்க வேணாம். இதயம் பலவீனமா இருந்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணி எண்டு டொக்டர் அளவு சொல்லியிருந்தா, ஒரு லீற்றரக் காலமயே குடிச்சி முடிக்கிற வேலை உங்களுக்கில்ல. உள்ளி தின்னுங்க, கறியில போட்டு. ரத்தம் கட்டியாகாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் எடுக்கிற ஆக்கள் பச்சை உள்ளிய அரைச்சு அரைச்சுக் குடிச்சா ரத்தப்போக்குக்கு இடமிருக்கு. குளிசைக்குப் பதில் உள்ளி எண்டு ஆரும் சொன்னா அவர அவர்ட குளிசைய முதல்ல காட்டச் சொல்லுங்க.

தேத்தண்ணி ஒரு கோப்பை பரவாயில்ல, சீனி மூணு கரண்டி போடுறதுதான் பிரச்சின. சிகரட்டும் வெத்திலையும்தான் கடும். கண் முழிச்சதும் ஒரு சிகரட் பத்தினாத்தான் வயிறு இளகும் எண்டு சொல்ற ஆம்பிளைகளும், வாய் கொப்புளிச்ச கையோட வட்டாவ இழுத்து புகையிலையோட ஒரு வாய் போடுற வயசாளிகளும் நம்மட ஊர்ல எத்தின பேர். ரெண்டும் நிக்கொட்டின்தான். ரத்தக்குழாய் ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கிற நேரத்துல அது இன்னும் சுருக்கும், இதயத்துடிப்பக் கூட்டும். ஒரேயடியா விட ஏலாட்டியும் முதல் சிகரட்டப் பிந்திப் போடப் பழகுங்க, பிறகு அந்த முதல் சிகரட்டையே விடப் பாருங்க.

நடை. கல்லடிப் பாலத்துல, காந்திப் பூங்காவுல, வெபர் மைதானத்துல, கல்முனை, காரைதீவு கடற்கரையில விடிய ஆக்கள் நடக்கிறத பாக்கச் சந்தோசமா இருக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது கிழமைக்கு 150 நிமிஷம் மிதமான அசைவு, அதாவது ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு அஞ்சு நாள். நடந்துட்டே கதைக்க ஏலும், பாட்டுப் பாட ஏலாது, அந்த வேகந்தான் சரியான வேகம். முதல் அஞ்சு பத்து நிமிஷம் ஆறுதலா, கடைசி அஞ்சு நிமிஷமும் ஆறுதலா, வேகமா நடந்து வந்து டக்கெண்டு நிண்டு வாங்குல குந்தாதீங்க. இளகின மணல்ல நடக்கிற தார் ரோட்ட விட பாரம், புதுசா தொடங்குற ஆக்கள் கடற்கரையில காலப் புதைச்சி நடக்காம ரோட்டோரமா நடங்க. வைகாசிக்குப் பொறகு கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல 7 மணிக்கே அனல், அப்ப ஆறரைக்குள்ள வீட்டுக்கு வந்திருங்க, இல்லாட்டி பின்னேரம் வெயில் தாழ நடங்க, காலமதான் நடக்கணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. மாரியில இருட்டு, மழை, வழுக்கல், வீட்டு விறாந்தையிலயே சுத்தி நடந்தாலும் இதயத்துக்கு அது தெரியாது. நாய்த் தொல்லைக்குத் தடி கொண்டு போங்க, கறுப்புச் சட்டை போட்டுட்டு இருட்டுல ரோட்டுல நடக்காதீங்க.

சீனிக்குக் குளிசையோ இன்சுலினோ போட்டுட்டு வெறும் வயித்தோட நடக்கப் போகக் கூடாது, பொக்கட்டுல ரெண்டு டொபி இருக்கணும். நடக்கேக்க நெஞ்சு இறுகி, நிண்டா விடுதெண்டா அது வாய்வு இல்ல. கெண்டைக்கால் நொந்து, நிண்டா விடுதெண்டா அது கால் ரத்தக்குழாய் அடைக்கிறதா இருக்கலாம். ரெண்டுக்கும் நடைய நிப்பாட்டிட்டு முதல்ல டொக்டர். கதிர்காமப் பாதயாத்திரைக்கு நேத்தி வச்சிட்டு, வருஷம் முழுக்க சும்மா இருந்த அறுவது வயசாளி உகந்தை மலையில இருந்து காட்டுக்குள்ள இறங்குறார், முருகன் பாத்துக்குவார்தான், எண்டாலும் ஒரு ரெண்டு மாசம் முந்தியே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகி, ஒரு ஈசிஜியும் எடுத்துட்டுப் போனா முருகனுக்கும் வேலை லேசு.

வயலுக்கும் கரைவலைக்கும் போற ஆக்கள் "நமக்கு உடம்பு வேலைதானே, நமக்கென்ன" எண்டு சொல்லுவாங்க. உழைச்ச உடம்புக்கும் கொலஸ்ட்ரோல் படியும், பீடி குடிச்சா இன்னும் கெதியாப் படியும். எழும்பின சூட்டோட உர மூட்டையத் தூக்காம, கொஞ்சம் நடந்து, வரம்பு பாத்து, உடம்பு சூடானாப் பிறகு பாரத்துக்குப் போங்க.

குளிப்பு சின்ன விஷயம். மார்கழி திருவெம்பாவைக்கு விடியச்சாமம் கிணத்துத் தண்ணிய நேரா தலையில ஊத்தினா ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும், கால்ல, கையில, தோள்ல ஊத்தி கடைசியா தலைக்கு ஊத்துங்க. பிரஷர் கட்டுப்படாத ஆக்களும் நெஞ்சு நோ உள்ள ஆக்களும் இளஞ்சூட்டுல குளிங்க, சாமி கோவிக்காது.

குளிச்சிட்டு வந்து கால ஒருக்கா பாருங்க, சீனி வருத்தக்காரர் கட்டாயம். உள்ளங்கால், விரல் இடுக்கு, புண், கொப்புளம், நிறம். ரத்தோட்டம் கூடும் எண்டு சுடுதண்ணியில கால வைக்காதீங்க, விறைச்ச காலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும். ஒரு கால் மட்டும் திடீரெண்டு வீங்கி, சூடா, நோவா இருந்தா எண்ணெய் போட்டு உருவ வேணாம், உள்ளுக்க ரத்தம் கட்டியிருந்தா அது கழண்டு நெஞ்சுக்குப் போயிரும், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரெண்டு காலும் பின்னேரத்துல வீங்கி காலம வத்துதெண்டா அம்லோடிபின் எண்ட பிரஷர் குளிசையாலயும் வரும், இதயத்தாலயும் சிறுநீரகத்தாலயும் வரும், கிளினிக்ல காட்டுங்க.

காலமச் சாப்பாட்டுல பிட்டையும் இடியப்பத்தையும் நான் விடச் சொல்லமாட்டன், சொன்னாலும் ஆரும் கேக்கப் போறதில்ல. கூட வாறதுதான் விஷயம். முதல் பால் விட்ட சொதி, கருவாட்டுப் பொரியல், மாசிச் சம்பல், எல்லாத்துலயும் உப்பு. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்ள. கருவாடும் சம்பலும் ஒரே கோப்பையில வந்தா அண்டைக்குரியதுல பெரும்பங்கு காலமயே போயிரும். பிட்டுக்கு மாவோட குரக்கன் கலந்து, தேங்காப்பூவ கொஞ்சம் குறைச்சி, பருப்போ கடலையோ அவிச்ச முட்டையோ வச்சா போதும். வல்லாரை, முடக்கொத்தான் போட்ட இலைக்கஞ்சி நல்ல சாமான், ஆனா வார்ஃபரின் எடுக்கிற ஆக்கள் ஒரு கிழமை நிறையக் குடிச்சி மறு கிழமை விடுற வேலை செய்யாதீங்க, இலையில உள்ள வைட்டமின் கே அந்த மருந்தோட மோதும். செவ்விளநியும் அப்பிடித்தான், அதுல பொட்டாசியம் கூட. கிட்னி பழுதான ஆக்களும், பிரஷருக்கோ இதயத்துக்கோ லோசார்டனோட ஸ்பைரோனோலக்டோன் எடுக்கிற ஆக்களும் டொக்டர்ட்ட கேக்காம ஒவ்வொரு நாளும் குடிக்க வேணாம். அம்பாறை மாவட்டத்துல கிட்னி வருத்தம் உள்ள ஊர்கள் இருக்கு, அவங்களுக்கு இது சும்மா சொல்ற கதையில்ல.

கடைசியா நெஞ்சு நோ. நடு நெஞ்சுல பாரம், இறுக்கம், எரிவு, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ போற, குளிர் வியர்வை, சத்தி, மூச்சு வாங்குற. பொம்பிளைகளுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் சில நேரம் நோவே இல்லாம வெறும் களைப்பும் வியர்வையுமா வரும். இதுக்கு இஞ்சித் தேத்தண்ணியும் ஓமத்தண்ணியும் குடிச்சி வாய்வு இறங்கும் எண்டு பாத்திட்டு இருக்கிற அந்த ரெண்டு மணித்தியாலத்துலதான் இதயச் சதை சாகுது. இருமினா ஹார்ட் அட்டாக் நிக்கும் எண்டு வாற மெசேஜ் பொய். ஆள இருக்க வைங்க, நடக்க விடாதீங்க, மோட்டசைக்கிள் ஓட விடாதீங்க, 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்ல. நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை தந்திருந்தா இருந்தபடியே வைங்க, ஆஸ்பிரின் டொக்டர் சொல்லியிருந்தா, இல்லாட்டி ஃபோன்ல சொன்னா சப்பி விழுங்கக் குடுங்க. வாய் கோணி, கை தூக்க ஏலாம, பேச்சுக் குழறினா அது ஸ்ட்ரோக், கட்டிய கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலந்தான், கடைசியா ஆள் எத்தின மணிக்கு நல்லா இருந்தார் எண்டத நினைவுல வச்சிருங்க, அதத்தான் முதல்ல கேப்பாங்க. ஃபோன்ல வழி சொல்லேக்க வீட்டுப் பேர் சொல்லாம கோயிலோ பள்ளியோ ஸ்கூலோ சொல்லுங்க, ஒரு ஆள ரோட்டு முனைக்கு டோர்ச்சோட அனுப்புங்க, கேட்டத் திறந்து நாயக் கட்டி வைங்க, கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் கையோட எடுங்க.